வரோனிஷ்: கருமண் உண்டு, ஈரம் நிற்பதில்லை

சோவியத் காலத்தில் தென்மேற்கு ரஷ்யாவின் வரோனிஷ் பகுதியில் பிப்ரவரி மாதத்தில் பயணம் செய்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. பனி மூடிய வயலில் டிராக்டர் ஒன்று போய்க்கொண்டிருக்கும். பின்னால் இறக்கை விரித்த மாதிரி ஒரு கலப்பை. அது பனியை இரு பக்கமும் ஒதுக்கி, வரப்பு வரப்பாகக் குவித்துக்கொண்டே போகும். அடுத்த முறை காற்றடிக்கும்போது, அது அள்ளிக்கொண்டு வரும் பனி இந்த வரப்புகளில் தடுக்கி அங்கேயே தங்கிவிடும். இதற்கு ரஷ்ய மொழியில் ‘ஸ்நேகசதெர்ஷானியே’ என்று பெயர். பனியைத் தடுத்து நிறுத்துவது என்று அர்த்தம்.

ஏற்கெனவே குளிரில் விறைக்கிற ஊரில் இன்னும் பனியைச் சேர்ப்பானேன் என்று தோன்றும். கணக்குப் போட்டால் புரியும். நன்றாகப் படிந்த பனி ஒரு செ.மீ. கூடுதலாகத் தங்கினால், அது உருகும்போது ஓர் ஏக்கருக்குச் சுமார் 10,000 லிட்டர் தண்ணீர். ஒரு பெரிய தண்ணீர் லாரி நிறைய. பத்து செ.மீ. கூடுதலாக நின்றால் ஏக்கருக்குப் பத்து லாரி. பெரும்பாலும் மானாவாரியாகவே பயிர் வைக்கிற ஒரு நாட்டுப்புறத்தில் இது சின்ன விஷயம் இல்லை. உலகிலேயே வளமான மண் என்று பேர் வாங்கிய நிலத்தில், விவசாயி மண்ணைப் பற்றி அதிகம் கவலைப்படுவதில்லை. குளிர்காலத்தில் விழுந்த பனி வசந்தத்தில் எங்கே போகிறது என்பதுதான் அங்கே தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்படும் கேள்வி.

வரோனிஷ் மாநிலம் மாஸ்கோவுக்குத் தெற்கே சுமார் 500 கி.மீ. தொலைவில் இருக்கிறது. பரப்பு 52,200 சதுர கி.மீ.; மக்கள் தொகை 23 லட்சத்தை ஒட்டி. அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் மாநிலத் தலைநகரான வரோனிஷ் நகரிலேயே இருக்கிறார்கள் என்றால் மிச்ச நிலம் எவ்வளவு வெறிச்சோடிக் கிடக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வடக்கிலிருந்து தெற்கே ஓடும் டான் ஆறு இந்த மாநிலத்தை இரண்டாகப் பிரிக்கிறது. மேற்குக் கரை மேடு. சுண்ணாம்புப் பாறை எட்டிப் பார்க்கும் சரிவுகள். திவ்னகோரியே என்ற இடத்தில் வெள்ளைச் சுண்ணாம்புத் தூண்கள் ஆற்றைப் பார்த்து நிற்கும். கிழக்குக் கரை தாழ்வான சமவெளி. வடக்கே காடும் புல்வெளியும் கலந்து கிடக்கின்றன. தெற்கே போகப் போக மரம் குறைந்து ஸ்டெப்பி எனப்படும் வெறும் புல்வெளியாகிறது. புல்வெளியாக இருந்தது என்று சொல்ல வேண்டும், இப்போது அதில் பெரும்பகுதி உழவு நிலம்.

அந்த நிலத்தின் மண்ணுக்குப் பெயர் செர்னோசெம். ‘கருப்பு’, ‘நிலம்’ என்ற இரண்டு ரஷ்யச் சொற்கள் சேர்ந்தது. கருப்பு மண் என்றதும் நமக்குக் கரிசல் நினைவுக்கு வரும். நிறம் மட்டும்தான் ஒன்று. கரிசல் மண்ணின் கருமைக்கும் குணத்துக்கும் முக்கியக் காரணம் அதிலுள்ள களிமண் வகை. நனைந்தால் உப்பும், காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், மட்கு கொஞ்சம்தான். செர்னோசெம் கருப்பாக இருப்பது மட்கினால். கடைசிப் பனியுகம் முடிந்து ஏறக்குறைய 10,000 ஆண்டுகளாக, காற்று கொண்டுவந்து கொட்டிய நுண்ணிய வண்டல்மீது புல் முளைத்து, வேர் மடிந்து, மறுபடி முளைத்து உருவான மண் இது. புல்லின் பெரும்பகுதி தரைக்கு மேலே தெரிவதில்லை, கீழே வேராகக் கிடக்கிறது. கோடையின் வறட்சியும் குளிர்காலத்தின் உறைபனியும் அந்த வேர் முழுதாகச் சிதைந்துபோக விடுவதில்லை. மழை அதிகம் இல்லாததால் சத்துகள் கரைந்து ஆழத்துக்குப் போவதும் இல்லை. மண்புழுவும், வளை தோண்டும் எலி வகைகளும் மேல்மண்ணைக் கீழேயும் கீழ்மண்ணை மேலேயும் புரட்டிப்போட்டன. இங்கே குழி வெட்டிப் பார்த்தால், எலி வளையில் மேல்மண் நிரம்பிய கருப்பு வட்டங்கள் மஞ்சள் அடிமண்ணில் பொட்டு வைத்த மாதிரி தெரியும். நல்ல இடங்களில் இந்தக் கருமண் ஒரு மீட்டர் ஆழம் வரை போகிறது. கையில் எடுத்தால் பயறு அளவு மணி மணியாக உதிரும்.

ஆக, இந்த மண்ணை உண்டாக்கியதே ஓரளவு வறண்ட வானிலைதான். மழை தாராளமாகப் பெய்கிற ஊராக இருந்திருந்தால் இங்கே காடு வளர்ந்திருக்கும். மாஸ்கோவுக்கு வடக்கே இருப்பது போலச் சத்து கரைந்துபோன வெளிறிய மண்தான் மிஞ்சியிருக்கும். வளமும் பற்றாக்குறையும் ஒரே வானிலை கொடுத்தவை.

அந்த வானிலையைப் பார்ப்போம். ஜனவரி சராசரி வெப்பநிலை பூஜ்யத்துக்கு ஆறு முதல் ஒன்பது டிகிரி கீழே. ஜூலையில் 20 டிகிரியை ஒட்டி. ஆண்டு மழைப்பொழிவு, பனியையும் சேர்த்து, வடமேற்கில் 600 மி.மீ. அளவுக்கு இருக்கிறது, தென்கிழக்கில் 450 மி.மீ. வரை இறங்குகிறது. நம் கணக்குக்கு அது மோசமில்லையே என்று தோன்றும். ஆனால் அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளிர்கால மாதங்களில் வருகிறது. மிச்சத்தில் கணிசமான பங்கு கோடையில் இடியோடு கொட்டி, சரிவில் ஓடிப்போகிறது. தென்கிழக்கிலிருந்து ‘சுஹவேய்’ என்ற வறண்ட காற்று வீசும். சூடான, ஈரமே இல்லாத காற்று. மணி பால் பிடிக்கும் நேரத்தில் இது நாலு நாள் வீசினால் போதும், கதிரில் பாதி பதராகிவிடும்.

முக்கியப் பயிரான குளிர்காலக் கோதுமையின் வாழ்க்கையைப் பார்த்தால் பனியின் மகிமை விளங்கும். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் விதைக்கிறார்கள். முளைத்து, தூர் கட்டி, அப்படியே பனிக்கடியில் போய்விடும். அந்தக் குளிர் அதற்குத் தேவை. குளிர் படாவிட்டால் இந்தக் கோதுமை கதிர் விடாது. ஆனால் வெறும் தரையில் 20 டிகிரி உறைபனி அடித்தால் செத்துவிடும். மேலே கிடக்கும் பனிதான் போர்வை. பிப்ரவரியில் திடீரென்று வெயிலடித்துப் பனி உருகி மறுபடி உறைந்தால், பயிர்மேல் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி ஓடு கட்டிக்கொள்ளும். பயிர் அதனடியில் மூச்சுமுட்டிச் சாகும். இதையெல்லாம் தாண்டி ஏப்ரலில் பச்சை தெரிந்தால், அப்போது அதன் வேருக்குக் கிடைப்பது பனி விட்டுப்போன ஈரம். மேயில் மழை தவறினாலும் அந்தச் சேமிப்பு கொஞ்ச நாள் தாங்கும். ஜூலையில் அறுவடை.

மண் இருந்தும் பட்டினி வரும் என்பதை ரஷ்யா 1891இல் கண்டது. அந்த ஆண்டு வறட்சி வோல்கா ஆற்றுப் பகுதியையும் கருமண் மாநிலங்களையும் ஒன்றாக அடித்தது. வரோனிஷ் அதற்கு நடுவே இருந்தது. பஞ்சத்தோடு டைபஸும் காலராவும் சேர்ந்து, இறந்தவர்கள் நான்கு, ஐந்து லட்சம் என்று மதிப்பிடுகிறார்கள். அதுவரை தானியம் ஏற்றுமதி செய்து ரொக்கம் பார்த்துக்கொண்டிருந்த அரசு, ஆகஸ்டில்தான் ரை தானிய ஏற்றுமதிக்குத் தடை போட்டது.

இந்த இடத்தில் வஸீலி தொகுச்சாயெவ் வருகிறார். மண்ணியல் என்ற துறையையே தொடங்கிவைத்தவர் என்று இவரைச் சொல்வார்கள். 1870களின் வறட்சிக்குப் பிறகு கருமண் பகுதி முழுக்க ஆயிரக்கணக்கான கி.மீ. சுற்றி, 1883இல் அந்த மண்ணைப் பற்றிப் பெரிய ஆய்வு நூல் வெளியிட்டார். மண் என்பது பாறை பொடிந்த தூள் இல்லை. பாறை, வானிலை, தாவரம், உயிரினம், நிலத்தின் சாய்வு, காலம் எல்லாம் சேர்ந்து பெற்றெடுத்த தனி உருப்படி என்பது அவர் வாதம். செர்னோசெம்மை மண்ணின் அரசன் என்றார். எண்ணெயைவிட, நிலக்கரியைவிட, தங்கத்தைவிட ரஷ்யாவுக்கு இதுதான் விலைமதிப்புள்ளது என்றார். வரோனிஷ் மாநிலத்தின் பானினோ பக்கத்தில் வெட்டி எடுத்த கனசதுரக் கருமண் கட்டி ஒன்று பாரிஸ் உலகக் கண்காட்சிக்குப் போய், அங்கே வேடிக்கைப் பொருளானது.

பஞ்சத்துக்குக் காரணம் தேடியபோது எல்லோரும் வானத்தைப் பார்த்தார்கள். தொகுச்சாயெவ் தரையைப் பார்த்தார். மழை குறைந்துவிடவில்லை, விழும் தண்ணீரை நிலம் பிடித்துவைக்க மறந்துவிட்டது என்பது அவர் கண்டுபிடிப்பின் சாரம். உழாத புல்வெளியில் காய்ந்த புல் மெத்தை மாதிரி கிடக்கும். அதில் பனி சிக்கும், உருகிய நீர் மெல்ல இறங்கும். அதை உழுதுவிட்டார்கள். ஆற்றங்கரைக் காட்டை வெட்டிவிட்டார்கள். 1696இல் மகா பீட்டர் வரோனிஷில் கப்பற்படை கட்டியதே இந்தக் காடுகளின் ஓக் மரங்களை வைத்துத்தான். கடலே இல்லாத ஊரில் போர்க்கப்பல் கட்டி, ஆற்று வழியாக அசோவ் கடலுக்கு இறக்கினார்! 1861இல் பண்ணையடிமை முறை ஒழிந்த பிறகு சரிவுகளையும் விடாமல் உழுதார்கள். சரிவில் ஓடிய தண்ணீர் பள்ளம் பறித்தது; அந்தப் பள்ளங்கள் ஒவ்வொன்றும் வடிகால் போலச் சுற்றியுள்ள நிலத்தடி நீரையும் இழுத்துக்கொண்டு போயின. மணி மணியாக இருந்த மண் ஏர் பட்டுப் பட்டுப் புழுதியாகி, மேலே ஓடு கட்டியது. வசந்தத்தில் ஆற்றில் வெள்ளம். ஜூலையில் கிணற்றில் தண்ணீர் இல்லை. ஓட்டி ஓட்டிக் களைத்துப்போன, அடிபட்ட அரபுக் குதிரை என்று இந்த மண்ணை அவர் வர்ணித்தார். ஓய்வு கொடுத்தால் மறுபடி ஓடும் என்பது அதற்குள் இருக்கும் நம்பிக்கை. குதிரை தெரிந்த ஊருக்கு ஏற்ற உவமைதான்: புகழ்பெற்ற ஓர்லோவ் ஓட்டக் குதிரை இனம் இதே மாநிலத்தின் ஹ்ரெனவோயெ பண்ணையில் வளர்க்கப்பட்டது.

சொன்னதோடு நிற்கவில்லை. 1892இல் வனத்துறையின் சிறப்புப் பயணக்குழு ஒன்றுக்குத் தலைமையேற்று மூன்று இடங்களைத் தேர்ந்தார். அதில் ஒன்று வரோனிஷில் உள்ள காமின்னயா ஸ்டெப்பி. ‘கல் புல்வெளி’ என்று பொருள். மரமில்லாத, காற்று வீசியடிக்கிற மேட்டு நிலம். அங்கே வயல்களைச் சுற்றி ஓக், ஆஷ், மேப்பிள் மரங்களை வரிசையாக நட்டார்கள். பள்ளங்களை மறித்துக் குளம் வெட்டினார்கள். குளத்தால் தண்ணீர் நிற்பது தெரிந்ததே. மரவரிசையின் வேலை கொஞ்சம் நுட்பமானது. அது காற்றின் வேகத்தைக் குறைக்கிறது. மர உயரத்தைப் போல 25, 30 மடங்கு தூரம் வரை அதன் பலன் வயலில் தெரியும். வேகம் குறைந்த காற்று சுமந்துவந்த பனியைக் கீழே போடுகிறது. இதில் அனுபவத்தில் கற்ற பாடம் ஒன்று உண்டு. மரவரிசை சுவர் மாதிரி அடர்த்தியாக இருந்தால் பனி முழுக்க மரத்தடியிலேயே மலையாகக் குவிந்துவிடும், வயல் மொட்டையாகக் கிடக்கும். கீழ்க்கிளைகளைக் கழித்து, காற்று கொஞ்சம் ஊடுருவுகிற மாதிரி விட்டால்தான் பனி வயல் நெடுகப் பரவும்.

தொகுச்சாயெவ் 1903இல் இறந்துபோனார். அந்த மரங்களும் குளங்களும் ஆராய்ச்சி நிலையமும் இருக்கின்றன. இருபதாம் நூற்றாண்டின் வறட்சி ஆண்டுகளில் அங்கே விளைச்சல் சுற்றுவட்டாரத்தைவிட நன்றாக இருந்தது என்பதுதான் அடுத்த பெரிய திட்டத்துக்கு ஆதாரமானது.

அந்தத் திட்டம் 1948 அக்டோபரில் வந்தது. 1946 வறட்சியும் பஞ்சமும் அப்போது பழைய கதை ஆகியிருக்கவில்லை. ஸ்டாலின் அரசு இயற்கையை மாற்றியமைக்கும் திட்டம் என்று அறிவித்தது: 5,300 கி.மீ.க்கும் அதிக நீளத்துக்கு எட்டு பிரம்மாண்ட மரவரிசைகள், பண்ணைகளுக்குள் லட்சக்கணக்கான ஹெக்டேரில் மர நடவு, 44,000க்கும் மேற்பட்ட குளங்கள். எட்டில் ஒன்று வரோனிஷிலிருந்து ரஸ்தோவ் வரை டான் ஆற்றின் இரு கரையிலும், 920 கி.மீ. நீளத்துக்கு. நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. காமின்னயா ஸ்டெப்பி காட்டிய வழிதான். ஆனால் நடுவது எப்படி என்பதில் ஸ்டாலினின் ஆதரவு பெற்ற வேளாண் அறிவியலாளர் லீசென்கோ தலையிட்டார். ஓக் விதைகளைக் கொத்துக் கொத்தாக ஒரே குழியில் போட்டால் அவை ஒன்றுக்கொன்று உதவிக்கொண்டு களையை வெல்லும், பலவீனமானவை இனத்துக்காகத் தியாகம் செய்யும் என்பது அவர் கொள்கை. ஓக் கன்றுகளுக்கு அது தெரியவில்லை, பெருவாரியாகச் செத்தன. 1953இல் ஸ்டாலின் இறந்ததும் திட்டத்தை மூட்டை கட்டினார்கள். இருந்தாலும் அப்போதும் பின்னரும் நட்டுப் பிழைத்த வரிசைகள்தான் இன்றைக்கு அந்தச் சமவெளியில் கண்ணுக்குத் தெரியும் ஒரே குறுக்குக்கோடு. கூட்டுப்பண்ணைகள் கலைந்தபின் அவற்றுக்குச் சொந்தக்காரர் யார் என்ற குழப்பம் வந்தது. நிலத்துக்குப் பட்டா கிடைத்தது, மரவரிசை யார் கணக்கிலும் சேரவில்லை. பல வரிசைகள் மூப்படைந்து, காய்ந்து, வைக்கோல் தீயில் கருகி நிற்கின்றன.

இதற்கிடையில் வயலுக்குள் வேறொரு தாகக்காரர் வந்து உட்கார்ந்தார்: சூரியகாந்தி. இதன் ரஷ்ய வரலாற்றில் வரோனிஷுக்கு நேரடிப் பங்கு உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடி நெடுங்காலம் ரஷ்யாவில் அழகுக்குத்தான் வளர்ந்தது. அன்றைய வரோனிஷ் மாநிலத்தில் இருந்த அலெக்செயெவ்கா என்ற ஊரில், தனீல் பொகரெவ் என்ற பண்ணையடிமை 1829இல் அதன் விதையைக் கைச்செக்கில் ஆட்டி எண்ணெய் எடுத்தார் என்பது வரலாறு. நாலே ஆண்டில் அங்கே எண்ணெய் ஆலை வந்துவிட்டது. ஊர் இன்று பக்கத்து பெல்கரத் மாநிலத்தில் இருக்கிறது. ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் விரத நாட்களில் வெண்ணெய் கூடாது. புது எண்ணெய்க்கு அப்படித் தடை ஏதும் இல்லை. அப்புறம் கேட்கவா வேண்டும். இன்று இந்தியா வாங்கும் சூரியகாந்தி எண்ணெயில் ரஷ்யாவின் பங்கு மிகப் பெரியது. நம் சமையலறை பாட்டிலில் இந்தக் கருமண்ணின் ஈரமும் கொஞ்சம் இருக்கலாம்.

ஈரம் என்று சும்மா சொல்லவில்லை. சூரியகாந்தி வேர் இரண்டு மீட்டருக்கும் கீழே இறங்கி, கோதுமை எட்டாத ஆழத்து நீரையும் உறிஞ்சிவிடும். வறட்சியைத் தாங்குவதும் அதனால்தான், அடுத்த பயிருக்கு நிலத்தைக் காயப்போட்டுவிட்டுப் போவதும் அதனால்தான். ஒரே வயலில் ஏழெட்டு ஆண்டு இடைவெளி விட்டுத்தான் போட வேண்டும் என்பது பழைய விதி. ஆனால் காசு தரும் பயிர். நாலு ஆண்டில், மூன்று ஆண்டில் திரும்பப் போட்டுவிடுகிறார்கள். அந்த அவசரத்துக்குக் கூலியாக, வேரில் ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும் ஒரு ஒட்டுண்ணிச் செடி பெருகியது. நம் ஊர்ப் புகையிலை வயலில் காளான் மாதிரி முளைத்துப் பயிரை உறிஞ்சுமே, அந்த ஒட்டுண்ணியின் உறவுக்காரன்.

இன்னொரு பெரிய பயிரான சர்க்கரைக் கிழங்கு பற்றிச் சுருக்கமாக: அதற்கான ரஷ்யாவின் மைய ஆராய்ச்சி நிறுவனம் வரோனிஷ் அருகே ராமோன் என்ற ஊரில்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் அண்மைக்காலம் வரை வயலில் விழுந்த விதையில் பெரும்பங்கு ஐரோப்பியக் கம்பெனிகளுடையது. உலகம் பார்த்துப் பொறாமைப்படும் மண், அதில் போட அடுத்தவன் விதை.

மண் எவ்வளவு தேய்ந்தது? தொகுச்சாயெவ் 1883இல் மட்கு அளவை வைத்து வரைபடம் போட்டிருந்தார். நூறு ஆண்டு கழித்து அதே இடங்களை ஒப்பிட்டபோது, 10 முதல் 13 சதவீதம் மட்கு இருந்த பட்டைகள் 7 முதல் 10க்கும், 7 முதல் 10 இருந்தவை 4 முதல் 7க்கும் இறங்கியிருந்தன. இன்னமும் வளமான மண்தான். ஆனால் மட்கு குறைந்தால் சத்து மட்டும் குறைவதில்லை, மண் தண்ணீரைப் பிடிக்கும் திறனும் குறைகிறது. ஆகவே கணக்கு மறுபடியும் ஈரத்துக்கே வருகிறது. இந்த மண்ணை ஊர்க்காரர்கள் லேசாக விட்டுக்கொடுக்கிறவர்கள் இல்லை. 2012, 2013இல் நவஹப்யோர்ஸ்க் வட்டாரத்தில் நிக்கல், செம்புச் சுரங்கம் தோண்டும் ஏற்பாடு நடந்தபோது, நிலத்தடி நீர் கெட்டுப்போகும் என்று ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள். துளையிடும் கருவிகள் எரிக்கப்படும் அளவுக்குப் போனது.

இப்போது வானிலையே மாறிக்கொண்டிருக்கிறது. இங்கே ஒரு விசித்திரம். குளிர்காலம் முன்பைப்போலக் கடுமையாக இல்லை. நிலம் ஆழமாக உறைவதில்லை. உறையாத மண் பனிநீரைக் குடித்துக்கொள்கிறது. அதனால் டான் ஆற்றுப் படுகையில் வசந்த வெள்ளம் கடந்த சில பத்தாண்டுகளில் வெகுவாகச் சிறுத்துவிட்டது. சரிவில் ஓடும் நீர் குறைந்ததால் புதுப் பள்ளங்கள் பறிவதும் மட்டுப்பட்டது. தொகுச்சாயெவ் மரம் நட்டும் குளம் வெட்டியும் செய்யப் பார்த்த வேலையில் ஒரு பகுதியை வெப்பமயமாதல் கேட்காமலே செய்துகொடுத்திருக்கிறது! ஆனால் இலவசமாக இல்லை. 2010 கோடையில் வரோனிஷில் வெயில் 40 டிகிரியைத் தாண்டியது. காடும் வீடுகளும் எரிந்தன. ரஷ்யா தானிய ஏற்றுமதியை நிறுத்தியது. 1891 மாதிரியே ஆகஸ்டில். 2024இல் வேறு மாதிரி அடி: வசந்தம் சீக்கிரம் வந்து பயிரும் பழமரமும் முந்திக்கொண்டன, மே மாதம் உறைபனி திரும்பி வந்து எல்லாவற்றையும் பொசுக்கியது. வரோனிஷும் பக்கத்து லிபெத்ஸ்க், தம்போவ் மாநிலங்களும் நெருக்கடி நிலை அறிவித்தன. அந்த ஆண்டு இலையுதிர் காலமும் வறண்டு, விதைத்த குளிர்காலக் கோதுமை சரியாக முளைக்காமலே குளிருக்குள் போனது.

காமின்னயா ஸ்டெப்பியில் 1880களிலிருந்து ஏர் படாத சில துண்டு நிலங்களை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே வைத்திருக்கிறார்கள். ஒன்றில் ஆண்டுதோறும் புல் அறுக்கிறார்கள். அது இன்னும் புல்வெளியாக இருக்கிறது. இன்னொன்றைத் தொடுவதே இல்லை. அங்கே காய்ந்த புல் சேர்ந்து, பனி சேர்ந்து, ஈரம் சேர்ந்து, புதரும் மரமுமாக எழுந்துவிட்டது. சுற்றிலும் மரவரிசைகளும் குளங்களும் நூறு ஆண்டுக்கு மேல் தண்ணீரை நிறுத்தியதில் நிலத்தடி நீர் வெகுவாக மேலே ஏறியிருக்கிறது. தாழ்வான வயல்களில் இப்போது வசந்தத்தில் தண்ணீர் தேங்கி, டிராக்டர் இறங்க முடியாத சதுப்புத் திட்டுகள் தெரிகின்றன. பட்டினிக்கு அஞ்சி ஈரம் தேடிப்போன இடத்தில், இன்று ஆராய்ச்சிக்காரர்கள் குறித்துக்கொள்ளும் தொந்தரவுகளில் அதிக ஈரமும் ஒன்று.